தோளில் வைத்த கை

இப்போது இருக்கிற மனிதர்கள் எதற்கும் அரை மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குவதில்லை. செத்தவனைப் பார்க்கப் போனாலும் செருப்பைக் கழற்றும்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளை முகத்தைப் பார்ப்பதற்கு முன் பந்தி எங்கே என்று பார்க்கிறார்கள். கோபம்கூட முன்பெல்லாம் ஒரு தலைமுறை தாங்கும், இப்போது சாயங்கால டீ வரைக்கும் தாங்குவதில்லை. அப்படிப்பட்டவர்கள்தான் ஒருநாள் மதிய இடைவேளையில், சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல், அழிந்துகொண்டிருக்கிற ஒரு ஜனத்துக்கு ஆதரவாகக் கூட்டம் போட்டுவிட்டு வந்தார்கள். மறுநாள் அதே சாப்பாட்டு மணி அடித்ததும், அந்த இன்சூரன்ஸ் அலுவலகத்தின் எல்லா மாடிகளிலும் இருந்தவர்கள் வாயைத் திறந்து, தங்களுக்கு ஒரு சொல்கூடத் தெரியாத அந்த ஜனத்தின் பாஷையில் தங்குதடை இல்லாமல் பேச ஆரம்பித்தார்கள். இடைவேளை முடிகிற மணி அடித்ததும் நிறுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். அன்றைக்கு வெயில் வழக்கம்போலத்தான் இருந்தது.

அந்த அலுவலகத்தின் தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஓர் அறையில், நாற்காலி பழுதுபார்க்கிறவர் இருந்தார். பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆனால் எல்லாரும் நாற்காலிக்காரர் என்றே கூப்பிட்டதால் அவருக்கே அது மறந்துபோகிற நிலைமை. ஏறி இறங்கும் சுழல் நாற்காலிகள் மாடிகளிலிருந்து கீழே வரும். ஒன்று ஏற மறுக்கும், ஒன்று உட்கார்ந்தால் முனகும், ஒன்றின் சக்கரத்தில் யாருடையதோ தலைமுடி கயிறு மாதிரி சுற்றிக்கொண்டு நகராமல் நிற்கும். கத்தரிக்கோலால் முடியை வெட்டி எடுத்து, எண்ணெய் விட்டு, கிழிந்த உறையைத் தைத்து மேலே அனுப்புவார். பள்ளிக்கூடத்தை நாலாம் வகுப்போடு விட்டவர். மனிதர்களை அவர் முகத்தை வைத்து நம்பினதில்லை; முகம் என்ன வேண்டுமானாலும் சொல்லும். நாற்காலியைப் புரட்டிப் பார்ப்பார். ஒருபக்கமாகவே தேய்ந்திருந்தால் அந்த ஆள் எப்போதும் எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம், அவனிடம் பேச்சை வளர்க்க மாட்டார். தன் கையில் வந்துபோன ஒவ்வொரு நாற்காலிக்கும் அடியில் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்துவிடுவார், யாரும் மாற்றிவைத்து ஏமாற்றக்கூடாது என்று. யாரும் அதுவரை ஏமாற்றியதில்லை. அதற்காக அவர் பொட்டு வைப்பதை நிறுத்தவும் இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஜனம் இருந்தது. அவர்களுடைய பள்ளத்தாக்கில் அரசாங்கத்தார் அணை கட்டி வீடுகளைத் தண்ணீருக்குள் விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களை ஆளுக்கு ஒரு திசையாகக் குடியமர்த்தி, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வீட்டுப் பாஷை பேசினால் வெளியே நிற்கவைத்தார்கள். இதெல்லாம் பல வருஷமாக நடந்துகொண்டிருந்த சமாசாரம். ஆனால் அந்த வருஷம்தான் அது இந்தப் பக்கத்து மனிதர்களின் கைபேசிகளுக்கு வந்துசேர்ந்தது. அலுவலகத்தில் ஆட்கள் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த மேடம் அதில் வந்த படத்தைப் பார்த்துக் கண்கலங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். இரக்கமுள்ள பெண்தான், அதைக் குறை சொல்ல முடியாது. நாற்காலி மட்டும் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது.

"பெரியவரே, நாளைக்கு எதிர் மைதானத்துல கூட்டம். முன்வரிசைக்கு நல்ல நாற்காலியா கொஞ்சம் வேணும்" என்று கீழே இறங்கி வந்து கேட்டார்.

"நல்ல நாற்காலி எல்லாம் மேல உங்ககிட்டதான் மேடம் இருக்கு. இங்க கிடக்கறது எல்லாம் நோயாளி."

"நோயாளியா இருந்தாலும் பரவாயில்ல. அரை மணி நேரம் தாங்கினா போதும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். உட்கார்றவங்க தாங்குவாங்களா?"

மேடம் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நாற்காலிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே போகிற நாற்காலி முழுசாகத் திரும்பி வந்ததாக அவர் அனுபவத்தில் இல்லை. ஆகவே மறுநாள் தன் நாற்காலிகளுக்குக் காவலாகத்தான் அவர் மைதானத்துக்குப் போனார். ஆதரவு, எதிர்ப்பு, ஒற்றுமை எதுவும் அவர் மனசில் கிடையாது. தண்ணீர் வராத செயற்கை ஊற்றுக்குப் பக்கத்தில் மேடை. பேசினவர்கள் எல்லாரும் அந்த ஜனத்தின் பேரை ஆளுக்கு ஒருவிதமாக உச்சரித்தார்கள். கடைசியில் மேடம் மைக்கைப் பிடித்து, அந்த ஜனங்கள் வரிசையாக நின்று முன்னால் நிற்பவர் தோளில் வலது கையை வைத்திருக்கிற பழைய போட்டோ ஒன்றைக் காட்டி, நாமும் அப்படியே நிற்போம் என்றார். பார்க்க அழகாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. நாற்காலிக்காரர் ஒரு நாற்காலியின் முதுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். கணக்குப் பிரிவில் எந்நேரமும் கழுத்தைப் பிடித்துக்கொண்டே திரிகிற, எல்லாரும் கழுத்துவலி என்று கூப்பிடுகிற இளைஞன் பின்னாலிருந்து அவர் தோளில் கையைப் போட்டான். முன்னால் நின்ற யாரோ ஒரு பெண் அவர் வலது கையை நாற்காலியிலிருந்து பிடுங்கி எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். போட்டோ எடுத்தார்கள். மணி ஆனதும் எல்லாரும் சாலையைக் கடந்து ஓடினார்கள். ஒரு நாற்காலிக்கு ஒரு சக்கரம் குறைந்திருந்தது. அந்தக் கூட்டத்தைப் பற்றி அவருக்கு அன்றைக்கு ஞாபகம் நின்றது அது ஒன்றுதான்.

மறுநாள் மணி அடித்ததும் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லியாகிவிட்டது. ஒருவர் பேசினது இன்னொருவருக்குப் புரியவில்லை. தான் பேசுவதே தனக்குப் புரியவில்லை. ஆனாலும் ஒருவர் கேட்க மற்றவர் சரியாகப் பதில் சொல்வதுபோல, நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, தலையாட்டுகிற இடத்தில் தலையாட்டிப் பேச்சு ஓடியது. முதல் வாரம் பயந்தார்கள். இரண்டாம் வாரம் பெருமைப்பட்டார்கள். மூன்றாம் வாரம் அலுவலக வாசலில் பெரிய பலகை வைத்து, அழியும் பாஷைக்கு உயிர் கொடுக்கும் நிறுவனம் என்று எழுதினார்கள். டாக்டர் வந்து எல்லார் தொண்டையிலும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை சுத்தமாக இருக்கிறது, வெந்நீர் குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாற்காலிக்காரருக்கு விஷயம் தெரிய நாள் ஆனது. கீழே அவர் ஒற்றை ஆள். தனியாக இருக்கிற மனிதன் சாப்பாட்டு நேரத்தில் யாரிடம் பேசுவான்? மேலே எல்லாருக்கும் ஏதோ கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று லிஃப்ட்காரர் சொன்னபோது, அது எப்போது பிடிக்காமல் இருந்தது என்று கேட்டுவிட்டு ஊசியில் நூல் கோத்தார். விடுமுறை நாளில் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் அவருக்கே அது வந்தது.

இங்கே அவர் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகன் பஸ் ஓட்டுகிறவன். அவன் கட்டிக்கொண்ட பெண் அதே மலைக்கு அந்தப் பக்கத்து ஜனம்தான். சின்ன வயசிலேயே இந்தப் பக்கம் விடுதியில் விடப்பட்டு, வா, தண்ணி, ஆடு, வலிக்குது என்ற அளவுக்கு மேல் தன் பாஷை தெரியாமல் வளர்ந்தவள். பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறியதும் அவளுடைய அம்மா, ஒரு கம்பளியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, இவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நாற்காலிக்காரருக்குச் சம்பந்தி. வந்த அன்றே அவள் ஒரு பெரிய தப்புச் செய்தாள். கழித்துப்போட்ட பல நாற்காலிகளிலிருந்து நல்ல நல்ல உறுப்பாகத் தேர்ந்தெடுத்து, முதுகுக்கும் இடுப்புக்கும் அளவு பார்த்து, அவர் தனக்கென்று செய்து வைத்திருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அது அவருடையது என்று அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க அந்த வீட்டில் யாருக்கும் பாஷை கிடையாது. அன்றிலிருந்து அவள் நாற்காலியில், அவர் ஸ்டூலில். நேரில் அவர் அவளை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. மற்றவர்களிடம் பேசும்போது அந்தம்மா என்பார். அவளும் பேசமாட்டாள். பேச ஆள் இல்லாதவளுக்குக் குரல் நாளுக்கு நாள் தேய்ந்து, அந்த மழைக்காலம் முடிகிறபோது இருமினால்கூடச் சத்தம் வருவதில்லை. தட்டில் போட்டது போட்டபடி இருக்கும். மகள் வந்து வலிக்குதா என்று தனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்பாள். அவள் இல்லை என்று தலையாட்டுவாள். இப்படியே போனால் கிழவி இந்த வருஷம் தாண்டமாட்டாள் என்று மகன் மெதுவாகச் சொன்னான். நாற்காலியாவது திரும்பிக் கிடைக்கும் என்று நாற்காலிக்காரர் நினைத்தார். நினைத்ததை வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு இங்கிதம் அவருக்கும் இருந்தது.

அன்றைக்கு மதியம் முதல் வாய் சாப்பாட்டை எடுக்கப் போனவர் எதிரே நாற்காலியில் இருந்தவளைப் பார்த்து, தனக்குத் தெரியாத பாஷையில், என்னமோ கேட்டார். அவள் கையில் இருந்த தம்ளர் கீழே விழுந்து அலமாரிக்கு அடியில் உருண்டது. அதை எடுக்கப் போகாமல், காற்றுப் போன பந்திலிருந்து வருகிற மாதிரி ஒரு குரலில் பதில் சொன்னாள். அவர் மறுபடி கேட்டார். அவள் பதில் நீண்டது. அப்புறம் அவரை நிறுத்தமுடியவில்லை, அவளையும் நிறுத்தமுடியவில்லை. நடுவில் அவள் அழுதாள், நடுவில் அவர் கையை நீட்டி எதையோ விவரித்தார், ஒரு தடவை இரண்டு பேரும் சேர்ந்து கூரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். மருமகள் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள். இடைவேளை நேரம் முடிந்ததும் அவர் வாய் தானாக மூடிக்கொண்டது.

"என்ன மாமா இது?" என்றாள் மருமகள்.

"என்னைக் கேட்டா? நான் என்ன சொன்னேன், அதைச் சொல்லு முதல்ல."

"எனக்கு அங்க ஒண்ணு இங்க ஒண்ணுதான் புரிஞ்சுது. ஏதோ ஆட்டைப் பத்தி."

"ஆடா? நான் எந்த ஆட்டைக் கண்டேன்?"

"நொண்டி ஆடுன்னு நினைக்கறேன். நீங்கதான் ஆரம்பிச்சீங்க."

கிழவி அந்த நேரம் தட்டைக் கையில் எடுத்து, ஒன்று விடாமல் சாப்பிட்டு முடித்து, இன்னும் வேண்டும் என்று நீட்டினாள். நாற்காலிக்காரர் அன்று சாயங்காலம் முழுக்கக் கண்ணாடி முன் நின்று தன் நாக்கை வெளியே நீட்டி நீட்டிப் பார்த்தார். தன் வாய்க்குள் வேறு யாரோ குடியிருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. வாடகைக்கு விட்டவன் போல நான் வெளியே நிற்கிறேன் என்று மகனிடம் சொன்னார்.

மறுநாள் அவர் வேலைக்குக் கிளம்பியபோது கிழவி அவருடைய சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். விரட்டிப் பார்த்தார், அவளுக்குப் புரியாத பாஷையில் விரட்டி என்ன பிரயோஜனம்? கீழ் அறையில் ஒரு நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து மணி அடிக்கும் வரை காத்திருந்தாள். மணி அடித்ததும் மாடியில் எல்லாப் பக்கமும் தன் பாஷை கேட்க, எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி, வரவேற்பு மண்டபத்துக்குப் போய் நின்றாள். அதற்கப்புறம் அது தினசரி நடப்பாயிற்று. கிளார்க்குகளும் மேனேஜர்களும் அவளைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். ஒருத்தனைத் திட்டுவாள், ஒருத்தியின் தலையைத் தடவுவாள், மேடத்திடம் ரகசியம் பேசுவாள். அவர்கள் பேசப் பேச அவள் குரல் ஏறியது. கோடைக்குள் அவள் ஒரு தடவை சிரித்தால் மண்டபத்துக் கண்ணாடிக் கதவு அதிரும், எதிர்ச் சாலையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தினமும் சாப்பிட்டாள். கன்னத்தில் சதை வைத்தது. உலகத்தில் அந்தப் பாஷை அவ்வளவு பேரால் ஒரே இடத்தில் பேசப்பட்டது அந்த மண்டபத்தில்தான் என்று பத்திரிகையில் எழுதினார்கள். பேசுகிறவர்களில் ஒருத்தியைத் தவிர மற்ற யாருக்கும் அது புரியவில்லை என்பதைப் பத்திரிகை எழுதவில்லை.

எதுவும் பழகிப்போனால் தொந்தரவாகத்தான் தெரியும். மதிய நேரத்தில் முக்கியமான வாடிக்கையாளர் கூப்பிட்டால் மேடத்தின் வாயிலிருந்து அந்தப் பாஷை வந்தது. வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போனார். கழுத்துவலிக்குப் பெண் பார்க்க ஒரு விடுமுறை நாளில் ஏற்பாடு செய்திருந்தார்கள். பெண் வீட்டார் மதியச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அவன் அரை மணி நேரம் புரியாத பாஷையில் உருக்கமாகப் பேசினான். பாதியிலேயே எழுந்துபோய்விட்டார்கள். இன்னொருவர் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போய், இடைவேளை நேரம் ஆகியும் விடாமல் குறுக்கு விசாரணை செய்த வக்கீலால் பெரிய சிக்கலில் மாட்டினார். பாஷை வாழ வேண்டியதுதான், அதற்காக நம் வாயில்தான் வாழவேண்டுமா என்று மாடிக்கு மாடி பேச்சு வந்தது. வாசல் பலகையை யாரோ சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார்கள்.

மேடம் கீழே இறங்கி வந்தபோது மருமகளும் அங்கே இருந்தாள், அம்மாவைக் கூட்டிப்போக வந்தவள். கொஞ்ச நாளாகத் தினமும் மதியம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அவளுக்கு ஓரளவு புரிய ஆரம்பித்திருந்தது.

"இது எப்படி வந்துச்சுன்னு உங்கம்மாவுக்குத் தெரியுமான்னு கேளும்மா" என்றார் மேடம்.

கேட்டாள். கிழவி சொன்னதைக் கேட்டு மருமகளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "எங்காளுங்க வெளியாளை வீட்டு மனுஷனா சேர்த்துக்கும்போது அப்படித்தான் மேடம் தோள்ல கை வைப்பாங்களாம். வேற எதுக்கும் வைக்க மாட்டாங்களாம். அந்த போட்டோ அந்த மாதிரி ஒரு நாள்ல எடுத்ததாம். அன்னைக்கு மைதானத்துல நின்ன அத்தனை பேரும் இப்ப எங்க வீட்டு ஆளுங்க. வீட்டு ஆளுங்க மத்தியானம் உட்கார்ந்து பேசறது வழக்கம்தானே, அதுல என்ன அதிசயம்னு கேக்கறாங்க."

மேடம் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது முனகியது. "போட்டோல நல்லா இருந்துச்சேன்னு செஞ்சோம்மா" என்றார். அப்புறம், "வெளிய வர்றதுக்கு வழி இருக்கான்னும் கேளு" என்றார்.

வழி இருந்தது. அந்த ஜனத்தில் மூத்தவர் ஒருவர் முன்னால் போய் நின்று, நான் உங்கள் வீட்டு ஆள் இல்லை என்று சொல்ல வேண்டும். மூத்தவர் தோளில் கையை வைத்து எடுத்துவிடுவார். அவ்வளவுதான். அந்த நகரத்தில் அந்த ஜனத்தில் மூத்தவள் என்று ஒருத்திதான் இருந்தாள். கேட்டால் மறுக்கிற வழக்கமும் அவர்களிடம் இல்லை.

அடுத்த விடுமுறை நாள் காலையில் நாற்காலிக்காரர் வீட்டு வாசலில் வரிசை நின்றது. தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பியது. வெறுங்கையோடு வரக்கூடாது என்று எல்லாரும் பழம் வாங்கி வந்ததால் அந்தத் தெருவில் அன்றைக்குப் பழம் விலை ஏறியது. நாற்காலிக்காரர் வயசானவர்கள் உட்கார நாலைந்து நாற்காலிகளைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே நின்றார். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். நான் உங்கள் வீட்டு ஆள் இல்லை என்று வெறுமனே சொன்னவர் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் அதற்கு முன்னும் பின்னும் நிறையச் சொன்னார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. மனசுல ஆதரவு அப்படியே இருக்கு. இது சும்மா ஒரு நிர்வாக ஏற்பாடு" என்றார் மேடம். கண்கலங்கித்தான் சொன்னார்.

"என் கல்யாணத்துக்கு நீங்க கண்டிப்பா வரணும் பாட்டி" என்றான் கழுத்துவலி. "சாயங்காலமாதான் வச்சிருக்கோம்" என்றும் சொன்னான்.

கிழவி ஒவ்வொரு தோளிலும் கையை வைத்தாள், எடுத்தாள். ஒவ்வொரு கை எடுப்புக்கும் அவள் குரல் ஓர் இழை குறைந்தது. கண்ணாடியை அதிர வைத்த குரல் முதலில் அறைக்குள் அடங்கியது. அப்புறம் நாற்காலிக்குள் அடங்கியது. வரிசையின் வால் வாசலுக்குள் நுழைந்தபோது அவள் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. இதை எல்லாரும் பார்த்தார்கள். பாவம், களைத்துவிட்டாள் என்று பேசிக்கொண்டு, பழத்தைத் தின்னக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மருமகள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. உள்ளே பாத்திரச் சத்தம்கூட இல்லை.

கடைசியில் மேடமும், பஸ் ஓட்டப் போகாமல் லீவு போட்டிருந்த மகனும், நாற்காலிக்காரரும்தான் மிச்சம்.

"பெரியவரே, நீங்க ஒருத்தர்தான் பாக்கி. முடிச்சுட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்றார் மேடம்.

"முடிச்சுடுங்கப்பா" என்றான் மகன். ஆனால் அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

கிழவி வலது கையைத் தூக்கிவிட்டாள். நாற்காலிக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்த தன் நாற்காலியைப் பார்த்தார். அது ஒருபக்கமாகத் தேயவில்லை, நாலு பக்கமும் ஒரே சீராகத்தான் தேய்ந்திருந்தது.

"எனக்கு இதுல ஒரு விஷயம் ஒட்டல" என்றார். "அன்னைக்கு என் தோள்ல கை வச்சது யாரு? அந்தக் கழுத்துவலிப் பய. அவன் வச்ச கையை இந்தம்மா எப்படி எடுக்க முடியும்? வச்சவன்தானே எடுக்கணும்?"

"மத்தவங்களுக்கு எல்லாம் சரியாப் போச்சே ஐயா" என்றார் மேடம்.

"சரியாப் போச்சுன்னு அவங்க சொல்றாங்க. நாளைக்கு மத்தியானம் மணி அடிச்சாதானே தெரியும்? ஒரு கூட்டத்துக்கு வந்து பட்டது போதும் மேடம். ஒரு சக்கரம் போச்சு, இன்னும் அது வந்து சேரல. இன்னொரு வரிசையில போய் நின்னு வேற எதைத் தொலைக்கறது? என்னை விடுங்க."

"அப்ப அவனையே கூப்பிட்டு எடுக்கச் சொல்லலாமா?"

"அவனா? அவன் இப்ப வீட்டாள் இல்லையே. வெளியாள் வந்து எப்படி எடுப்பான்?"

நாற்காலிக்காரர் வாசலில் போட்டிருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, சிவப்புப் பொட்டைச் சரிபார்த்து, உள்ளே அடுக்க ஆரம்பித்தார். கிழவி கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அடுப்படியில் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. மேடம் தன் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

மறுநாள் மணி அடித்தபோது மாடிகளில் எல்லாரும் தங்கள் பாஷையிலேயே வானிலையைப் பற்றியும் முதுகுவலியைப் பற்றியும் பேசினார்கள். கைகொடுத்து வாழ்த்திக்கொண்டார்கள். கீழ் அறையில் மட்டும் நாற்காலிக்காரரின் வாய் திறந்தது, எதிரே கிழவியின் குரல் திரும்பி வந்தது. கண்ணாடியை அதிர வைக்கிற குரல் இல்லை, ஓர் அறைக்குப் போதுமான குரல். அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும் வரும், அதற்குள் இரண்டு பேரும் அவசர அவசரமாகப் பேசித் தீர்ப்பார்கள், அப்புறம் அவள் மறுநாள் மதியம் வரைக்கும் ஊமை. கீழே ஏதோ ரேடியோ ஓடுகிறது என்று புதிதாக வேலைக்கு வந்தவர்கள் நினைத்தார்கள். வருஷங்கள் போயின. கழுத்துவலிக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அணைக்கு அந்தப் பக்கத்தில் சுற்றுலாப் படகு விட்டார்கள். மேடம் பதவி உயர்ந்து மேல் மாடிக்குப் போனார். அலுவலகத்துக்குப் பழுதே பார்க்க முடியாத புது மாதிரி நாற்காலிகள் வந்து, அவை உடைந்ததும், பழையவற்றையே மறுபடி எடுத்துக்கொண்டார்கள். கிழவி நன்றாகச் சாப்பிட்டாள். நாற்காலிக்காரர் வீட்டில் இன்னமும் ஸ்டூலில்தான் உட்கார்ந்தார்.

ஒருநாள் மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் மேடம் பழைய பழக்கத்தில் கீழே வந்தார். கிழவியும், அவளைக் கூட்டிவந்த மருமகளும் இருந்தார்கள்.

"அடுத்த வாரம் ஒரு கூட்டம் பெரியவரே. பாவம், தீவுல இருக்கற ஒரு ஜனம், அழிஞ்சுகிட்டே இருக்காங்க."

"தோள்ல கை வைக்கறது உண்டா?"

"ஐயோ, கிடையாது. இந்தத் தடவை எல்லாரும் தள்ளித் தள்ளி நிக்கறோம். யாரும் யாரையும் தொடக்கூடாதுன்னு முதல்லயே சொல்லியாச்சு."

"நாற்காலி?"

"நின்னுகிட்டேதான்."

"அப்ப என்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மணி அடித்துவிட்டது. நாற்காலிக்காரர் திரும்பிக் கிழவியைப் பார்த்து வழக்கமான முதல் வாக்கியத்தைச் சொன்னார், அவள் வழக்கமான பதிலைச் சொன்னாள். மேடம் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். தன் வாயிலும் இது ஒருகாலத்தில் இருந்தது என்பது ஞாபகம் வந்ததோ என்னவோ, உதட்டை லேசாக அசைத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. படியேறிப் போனார்.

இடைவேளை முடிந்ததும் நாற்காலிக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்தார். அவளுக்கு இப்போது எல்லாம் புரியும் என்பது அவருக்குத் தெரியும். இத்தனை நாள் கேட்காமலே இருந்தார். எந்த மொழிபெயர்ப்பையும் அவர் நம்பினதில்லை.

"தினமும் முதல்ல ஒண்ணு கேக்கறேனே. அதே மாதிரிதான் இருக்கு, சத்தம் மாறவே இல்ல. என்னது அது?"

"சொன்னா கோவிச்சுக்குவீங்க மாமா."

"கெட்ட வார்த்தையா?"

"இல்ல மாமா. 'அக்கா, சாப்பிட்டியா? நாற்காலி சௌகரியமா இருக்கா?'ன்னு கேப்பீங்க. தினமும் அதேதான். முதல் நாள்லேர்ந்து."

"அதுக்கு அந்தம்மா?"

"'இருக்கு தம்பி'ம்பாங்க."

நாற்காலிக்காரர் கிழவியைப் பார்த்தார். அவள் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டு சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

"அக்காவா!" என்றார். "என்னைவிட நாலு வயசு சின்னவ அவ. நான் அப்படிக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன். நீ சரியாக் கேக்கல."

"அப்படித்தான் மாமா சொன்னீங்க."

"நான் சொல்லல. வாய் சொல்லியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, சக்கரம் இல்லாத நாற்காலிக்கு ஒரு சக்கரம் பார்க்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்து வெளியே நடந்தார். படியில் ஏறும்போதும் தலையை இல்லை இல்லை என்றுதான் ஆட்டிக்கொண்டு போனார்.